புள்ளி துலைஞ்ச 43 பைல்: என்ர எடிற்றரில என்கோடிங் திருத்தின கதை

போன மாசம் ஒரு பின்னேரம் கோண்டாவிலில இருந்து ஒரு மாஸ்டர் சைக்கிளில வந்து, பென்ட்ரைவை என்ர மேசையில வைச்சுப்போட்டு, "தம்பி, உம்மட எடிற்றரிலதான் திறந்தனான், எல்லாம் பூச்சி பூச்சியாக் கிடக்கு, ஒருக்கா வடிவாப் பாரும்" எண்டு சொன்னார். இளைப்பாறின தமிழ் வாத்தியார். ரெண்டு வருசமா தங்கட ஊரின்ர கதையை ஒவ்வொரு தலைப்பா ரைப் பண்ணிக்கொண்டு வாறவர், கோயில், கிணறு, காணிப் பெயர்கள், ஆற்ற வளவு பேந்து ஆருக்குப் போனது, பழைய பள்ளிக்கூடம் எண்டு எல்லாமா 43 பைல், ஊர்ச் சனசமூக நிலையத்தின்ர மலருக்குக் குடுக்கிறதுக்கு. ரைப் பண்ணிறதுக்கு நான் எழுதின புரோகிராம்தான் என்ர எடிற்றர், அதை அவற்ர லப்டொப்பில போட்டுக் குடுத்தது அந்தக் கிழமைதான், தமிழுக்கெண்டே எழுதினது சேர், லேசா இருக்கும் எண்டு சொல்லிக் குடுத்தனான். அதால பென்ட்ரைவைச் செருகித் திறந்தவுடன எனக்கு வயித்தைப் பிசைஞ்சது.

ஸ்கிரீன் முழுக்க ஒரே உருவம். ஆங்கில ஏ சின்னெழுத்து, அதுக்கு மேல இடப்பக்கம் சரிஞ்ச கோடு, பக்கத்தில வட்டத்துக்குள்ள ஆர், பிறகு ஏதோ ஒரு குறி, திரும்பவும் அதே ஏ, அதே ஆர். இதைக் கண்டு பழகின ஆக்களுக்கு உடன விளங்கும், யூடிஎஃப்-8 இல கிடந்த தமிழை எதுவோ ஒண்டு வின்டோஸ்-1252 எண்டு நினைச்சு வாசிச்சிருக்கு. பைலில எழுத்தைப் பைற் எண்ட 0 இலிருந்து 255 வரைக்குமான எண்களா வைக்கிற முறைதான் என்கோடிங், யூடிஎஃப்-8 எல்லா மொழிக்கும் பொதுவானது, வின்டோஸ்-1252 ஐரோப்பிய எழுத்துக்கான பழசு. எல்லா மொழி எழுத்துக்கும் எண் குடுக்கிற யூனிகோட் பட்டியலில தமிழுக்கு 2944 இலிருந்து 3071 வரைக்கும் 128 இடம் ஒதுக்கியிருக்கு, அந்த இடத்தில இருக்கிற எந்த எழுத்தையும் யூடிஎஃப்-8 இல எழுதினால் மூண்டு பைற் வரும், முதல் பைற் எப்பவும் 224, ரெண்டாவது 174 அல்லது 175, மூண்டாவதுதான் எழுத்துக்கு எழுத்து மாறும். க எண்டால் 224, 174, 149. வின்டோஸ்-1252 அட்டவணையில 224 அந்தக் கோடு போட்ட ஏ, 174 வட்டத்துக்குள்ள இருக்கிற ஆர். அதுதான் ஒரே சோடி திரும்பத் திரும்ப வாறது.

சரி, இது லேசான அலுவல், வந்த வழியாலயே திருப்பி அனுப்பினால் முடிஞ்சுது எண்டுதான் நினைச்சன். பூச்சி எழுத்தை 1252 இல பைற்றா மாத்தி, அந்தப் பைற்றை யூடிஎஃப்-8 எண்டு வாசிச்சால் தமிழ் வரவேணும். முதல் பைலின்ர முதல் வரியிலயே எரர் அடிச்சுது. கொஞ்சம் தளர்த்தி, பிழையான இடத்தில அடையாளம் போட்டுக்கொண்டு மேல வாசி எண்டு விட்டன், அப்ப வந்தது இப்பிடி, அடையாளத்துக்குப் பதிலா இஞ்ச கீழ்க்கோடு போடுறன்: யாழ_ப_பாணம_. நான் கொஞ்ச நேரம் அதையே பாத்துக்கொண்டிருந்தன். மற்ற எழுத்தெல்லாம் இருக்கு, புள்ளி மட்டும் இல்லை. பைற்றை எண்ணிப் பாத்தன், யாழ்ப்பாணம் எண்ட சொல்லுக்கு யூனிகோட்டில 11 குறி, 33 பைற் வரவேணும், இதில 30தான் கிடந்தது. மூண்டு புள்ளிக்கு மூண்டு பைற் குறையுது.

கீழ எல்லா வரியையும் பாக்கப் பாக்க புள்ளி மட்டுமில்லை, உகரக் குறியும் இல்லை, தனி எழுத்தா நிக்கிற ஏ இல்லை, ஐ இல்லை. ஐயனார் கோயிலில ஐயைக் காணேல்ல. ஆனால் ஊகாரம் இருக்கு, எகரம் இருக்கு, மற்றதெல்லாம் சுகமா இருக்கு. ஏன் இந்த நாலும் மட்டும் எண்டதுதான் முழுக் கதையும்.

வின்டோஸ்-1252 அட்டவணையில 256 இடம் இருந்தாலும் அஞ்சு இடம் வெறுமையா விட்டிருக்கு: 129, 141, 143, 144, 157. புள்ளியின்ர மூண்டாவது பைற் 141. உகரக் குறியின்ர மூண்டாவது பைற் 129. ஏக்கு 143, ஐக்கு 144. எங்கட எழுத்தில கூடுதலாப் பாவிக்கிற ரெண்டு குறி, புள்ளியும் உகரமும், நேரா அந்த ஓட்டைக்குள்ள போய் விழுகுது. நான் எடிற்றரை எழுதின கணினி மொழி பைத்தன், அது கண்டிப்பானது, 1252 எண்டு சொல்லிப்போட்டு 141 ஐக் குடுத்தால் இந்த இடத்தில ஒண்டும் இல்லை எண்டு எரர் எறியும். தமிழ் பைலை வின்டோஸில பைத்தனால திறந்து பாத்த எவருக்கும் அந்த எரர் தெரிஞ்சிருக்கும், முதல் புள்ளி வாற இடத்திலயோ முதல் உகரம் வாற இடத்திலயோ நிண்டுபோகும்.

அப்ப என்ர எடிற்றர் ஏன் எரர் எறியேல்ல? என்ர கோட்டைத் திறந்தன். பைலைத் திறக்கிற வரியில என்கோடிங் எண்டு ஒண்டும் எழுதேல்ல. அப்பிடி விட்டால் பைத்தன் அந்த மெசினில வழமையா எது இருக்கோ அதை எடுக்கும், என்ர லினக்ஸ் மெசினில அது யூடிஎஃப்-8, எனக்கு ஒரு நாளும் பிழைச்சதில்லை, மாஸ்டரின்ர லப்டொப்பில அது 1252. அதோட அதே வரியில எரர் வந்தால் இக்னோர் பண்ணு எண்டும் கிடந்தது. அது நான் மூண்டு வருசத்துக்கு முதல் போட்டது. ஒரு பெடியன் வின்டோஸில ஓட்டிப் பாத்துப்போட்டு எரர் வருது அண்ணை எண்டு மெசேஜ் போட, நான் காரணம் தேடாமல் அந்த ஒரு சொல்லைப் போட்டு எரரை நிப்பாட்டினனான். எரர் நிண்டது, எழுத்து கொட்டுப்படத் துவங்கினது. சேவ் பண்ணிற பக்கத்தில மட்டும் யூடிஎஃப்-8 எண்டு வடிவா எழுதியிருந்தனான். அதாவது ஒரு கண்ணாடியைப் போட்டு வாசிச்சு இன்னொரு கண்ணாடியைப் போட்டு எழுதியிருக்கு. அதுக்கு மேல தானாச் சேவ் பண்ணிறது, மாத்தம் இருக்கோ இல்லையோ ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்காத் திறந்திருக்கிற எல்லாத்தையும் எழுதும். மாஸ்டர் ஒண்டாவது நல்லா இருக்குமோ எண்டு 43 ஐயும் ஒண்டொண்டாத் திறந்து பாத்திருக்கிறார். திறந்தது எல்லாம் போச்சு.

அவரிட்ட வேற கொப்பி இல்லை. முதல் ஆறு தலைப்புக்கு மட்டும் கடதாசியில அச்செடுத்து வைச்சிருந்தவர்.

இனித் திருத்திற பகுதி. இதைக் கொஞ்சம் விரிவா எழுதிறன், ஏனெண்டால் இதே மாதிரிப் புள்ளி போன பைல் கன பேரிட்டக் கிடக்கும், கவலைப்பட்டுக்கொண்டு எறிஞ்சிருப்பினம், எறியத் தேவையில்லை. துலைஞ்சது மூண்டாவது பைற் மட்டும்தான், முதல் ரெண்டும் இருக்கு. 224, 175 எண்டு ரெண்டு பைற் அந்தரத்தில நிண்டால் அது புள்ளி, இல்லாட்டி உகரம். 224, 174 எண்டு நிண்டால் ஏ, இல்லாட்டி ஐ. இடமும் தெரியும், ஒவ்வொரு இடத்துக்கும் ரெண்டே ரெண்டு தெரிவுதான். ஏயும் ஐயும் அநேகமாச் சொல்லின்ர துவக்கத்திலதான் வரும், ஏன், ஏரி, ஐயர், ஐப்பசி எண்டு சொல்லுப் பட்டியலை வைச்சே பிரிச்சுப் போடலாம், அதில சோலி இல்லை. சோலி முழுக்கப் புள்ளியோ உகரமோ எண்டதில.

நான் முதல் எழுதினது வெறும் சொல்லுப் பட்டியல். தமிழ் விக்கிப்பீடியாவை மொத்தமா இறக்கி, சொல்லுகளைப் பிரிச்சு எண்ணி வைச்சுக்கொண்டு, கீழ்க்கோடு இருக்கிற ஒவ்வொரு சொல்லுக்கும் எல்லாச் சேர்க்கையையும் போட்டுப் பட்டியலில எது இருக்கோ அதை எடு எண்டு. பொதுச் சொல்லுக்கு நல்லா வேலை செய்தது. ஆனால் ஊர்க் கதை எண்டால் பாதி காணிப் பெயரும் ஆக்களின்ர பெயரும், பிறகு பேச்சுச் சொல்லுகள், அதொண்டும் பட்டியலில இல்லை. அடுத்த நாள் மாஸ்டர் வந்திருக்கேக்க இதைச் சொன்னன். அவர் தேத்தண்ணியைக் கையில வைச்சுக்கொண்டு ஸ்கிரீனைப் பாத்துப்போட்டு, "இதுக்கு ஏன் பட்டியல், மொழிக்கு முதலில மெய் வருமே தம்பி?" எண்டு கேட்டார்.

அதுக்குப் பிறகு நாங்கள் ரெண்டு பேரும் ஒரு கொப்பியை எடுத்து வைச்சு எழுதினது முழுக்க ஓஎல் வகுப்பில படிச்ச இலக்கணம். சொல்லின்ர முதலெழுத்தில கீழ்க்கோடு வந்தால் அது கட்டாயம் உகரம், மெய்யெழுத்து முதலில வராது. சொல்லின்ர கடைசியில வல்லினம் வந்தால் அது உகரம், காடு, ஆறு, பத்து, ஏனெண்டால் தமிழ்ச் சொல்லு வல்லின மெய்யில முடியாது. இதுக்கு ஒரு விலக்கு, அடுத்த சொல்லு அதே வல்லினத்தில துவங்கினால் அது சந்தியில வந்த ஒற்றா இருக்கலாம், யாழ்ப்பாணத்துக் கோயில் எண்ட மாதிரி, அங்க ரெண்டையும் யோசிக்கவேணும். பிறகு எந்த மெய்க்குப் பக்கத்தில எந்த மெய் நிக்கும் எண்ட கணக்கு. ற் எண்டதுக்குப் பிறகு, தன்னை விட்டால், க, ச, ப தான் வரும், ம் எண்டதுக்குப் பிறகும் தன்னை விட்டால் ப, ய, வ தான் வரும். பைலில ஆற_ம_கநாவலர_ எண்டு கிடந்தது. ற வுக்குப் பக்கத்தில ம, அப்ப அது ற் ஆ இருக்க ஏலாது, று. ம வுக்குப் பக்கத்தில க, அப்ப மு. ஆறுமுகநாவலர் வந்திட்டார், கடைசி ர் மட்டும் பட்டியலைக் கேட்டது. நல்லூரில 1822 இல பிறந்து, ஏட்டில கிடந்த நூல்களைப் பிழை பாத்து அச்சில ஏத்தின மனுசன்ர பெயரை இப்பிடிப் பைற் பைற்றா மீட்டு எடுக்கேக்க எனக்கு உண்மையா மனம் நிறைஞ்சது.

இன்னொண்டு, மூண்டு மெய் தொடுத்து நிக்கிறதெண்டால் முதலாவது ய், ர், ழ் ஆத்தான் இருக்கவேணும், வாழ்க்கை, பார்த்து எண்ட மாதிரி. வேல_ப_பிள_ளை எண்டதில நடுவில இருக்கிற ப்ப இரட்டிப்பு, அதுக்கு முன்னால ல் நிக்க ஏலாது, அப்ப லு, வேலுப்பிள்ளை. பட்டியலே தேவைப்படேல்ல. ஆனால் யாழ_ப_பாணம_ எண்டதை இந்த இலக்கணத்தால தீர்க்க ஏலாது, ழ் எண்டாலும் சரி, ழு எண்டாலும் சரி விதி விடுது. எங்கட ஊர்ப் பெயருக்குப் பட்டியல்தான் வேண்டியிருந்தது.

கடைசி வரைக்கும் மிசின் தீர்க்காதது சிலது இருந்தது. அதில முக்கியமானது அத_தான_. அதுதான் எண்டாலும் அத்தான் எண்டாலும் துலைஞ்ச பிறகு ஒரே பைற், ஒரு வித்தியாசமும் இல்லை, ரெண்டும் பட்டியலில இருக்கு, ரெண்டும் ஊர்க் கதையில வாற சொல்லு. என்ர முதல் விதி இரட்டிப்பைக் கண்டவுடன புள்ளி போட்டு அவ்வளவையும் அத்தான் ஆக்கிப்போட்டுது, அச்சுப் பிரதி இருந்த ஆறு பைலோட ஒப்பிட்டுப் பாத்தபடியால்தான் பிடிபட்டது. கண், கணு எண்டதும் அப்பிடித்தான். இப்பிடியான இடத்தில எதையும் தானா நிரப்பாமல் மஞ்சள் அடிச்சு விடு எண்டு மாத்தினன், அதுகளை மாஸ்டர் பாத்துச் சொல்லட்டும்.

பைல் திருத்திறது ஒரு பக்கம், எடிற்றரைத் திருத்திறது மற்றப் பக்கம், அதை விட்டால் நாளைக்கு இன்னொருத்தற்ர 43 பைல் போகும்.

பைத்தனில ஸ்ரிங்கும் பைற்ஸும் ரெண்டு வேற சாமான். ஸ்ரிங் எண்டது எழுத்து, அதுக்கு என்கோடிங் எண்டு ஒண்டு இல்லை. பைற்ஸ் எண்டது எண்கள், அதுக்குத்தான் என்கோடிங் வேணும். 2008 இல வந்த பைத்தன் 3 இதைப் பிரிச்சதுக்குக் கன பேர் அப்ப கோவப்பட்டவை, பழைய கோட் எல்லாம் உடையுது எண்டு. தமிழில வேலை செய்யிற நான் அந்தப் பிரிவை இப்பத்தான் மனசார விளங்கிக்கொண்டன். என்ர கோட்டில அந்தப் பிரிவை நானே குழப்பி வைச்சிருந்தனான், கன்வேர்ட் எண்டு ஒரு ஃபங்சன் (பெயர் சொல்லிக் கூப்பிடுற கோட் துண்டு), ஃபிக்ஸ் டெக்ஸ்ற் எண்டு ஒண்டு, டு யூனிகோட் எண்டு இன்னொண்டு, மூண்டுமே உள்ள வாறது பைற்ஸ் எண்டால் ஒண்டு செய்யும், ஸ்ரிங் எண்டால் இன்னொண்டு செய்யும். எதில இருந்து எதுக்கு எண்டு பெயரில இல்லை. கூப்பிடுற இடத்தில நிண்டு பாத்தால் ஒண்டும் விளங்காது, அதால பயத்தில ரெண்டு தரம் கூப்பிட்டும் வைச்சிருக்கிறன்.

மூண்டையும் அழிச்சன். இப்ப ரெண்டு வாசல்தான். ஒண்டின்ர பெயர் தமிழில சொன்னால் வட்டுப் பைற்றிலிருந்து எழுத்துக்கு, மற்றது எழுத்திலிருந்து வட்டுப் பைற்றுக்கு. நீளமான பெயர்தான், பரவாயில்லை, பெயரை வாசிச்சவுடன கையில என்ன இருக்கு, என்ன வெளியில வரும் எண்டு தெரியவேணும். முதலாவது பைற்ஸை மட்டும்தான் வாங்கும், ஸ்ரிங்கைக் குடுத்தால் எரர். அது திருப்பித் தாறது வெறும் எழுத்தில்லை, ஒரு சின்னப் பொதி: எழுத்து, எந்த என்கோடிங்கில வாசிச்சது, முன்னால பொம் இருந்ததோ, வரி முடிவு எந்த வகை, எல்லாம் சேத்து. திரும்ப எழுதேக்க அந்தப் பொதியைப் பாத்து வந்த மாதிரியே எழுதும். பொம் எண்டது யூடிஎஃப்-8 பைலின்ர தலையில சில எடிற்றர்கள் போடுற 239, 187, 191 எண்ட மூண்டு பைற், அது இருந்தால் இருந்த மாதிரியே விடவேணும், இல்லையெண்டால் புதுசாப் போடக்கூடாது. ஆரும் கேக்காமல் மற்றவையின்ர பைலில ஒரு பைற்றையும் மாத்திறதுக்கு எடிற்றருக்கு உரிமையில்லை எண்டுதான் நான் இப்ப நினைக்கிறன்.

பைற்ஸ் இருக்கிற எல்லா மாறிக்கும் பெயர் ரோ எண்டு துவங்கவேணும் எண்டும் ஒரு விதி வைச்சன். சின்ன விசயம், ஆனால் ரோ எண்டு துவங்கிற ஒண்டு ஸ்கிரீனுக்குப் போற வரியில நிண்டால் கண்ணில குத்தும்.

இந்த ரெண்டு வாசலுக்கு வெளியில எங்கயெல்லாம் களவா மாத்தம் நடக்குது எண்டு தேட ஒரு நல்ல வழி இருக்கு. பைத்தன் 3.10 இலிருந்து ஒரு சுவிட்ச் வந்தது, வோர்ன் டிஃபோல்ட் என்கோடிங் எண்டு, அதைப் போட்டு ஓட்டினால் என்கோடிங் சொல்லாமல் பைலைத் திறக்கிற ஒவ்வொரு வரிக்கும் எச்சரிக்கை வரும். எனக்கு ஒன்பது இடம் வந்தது. பைல் திறக்கிறது, செற்றிங்ஸ் வாசிக்கிறது, கடைசியாத் திறந்த பைல்களின்ர பட்டியல், சொல்லுத் திருத்தியை வேற புரோகிராமா ஓட்டி அதின்ர பதிலை வாங்கிறது, எல்லாத்திலயும் அதே பிழை. சொல்லுத் திருத்தி வின்டோஸில ஏன் தமிழுக்கு மட்டும் பேசாமல் இருக்குது எண்டு நான் ஒரு வருசமாத் தேடின காரணம் அந்த ஒன்பதில ஒண்டு. 3.15 பதிப்பில யூடிஎஃப்-8 ஐயே வழமை ஆக்கிறதா முடிவெடுத்திருக்கினம், நல்லது, ஆனால் அது வந்தாலும் நான் எழுதித்தான் வைப்பன். இக்னோர் எண்ட சொல்லையும் கோட் முழுக்கத் தேடி எல்லாத்தையும் எடுத்தன்.

என்கோடிங்கைக் கண்டுபிடிக்கிறதுக்கு இப்ப இருக்கிற ஒழுங்கு இதுதான். பொம் இருந்தால் அது சொல்லிறதைக் கேள். இல்லாட்டி யூடிஎஃப்-8 எண்டு கண்டிப்பா வாசிச்சுப் பார், ஒரு பைற்றும் பிழைக்காமல் போனால் அது யூடிஎஃப்-8 தான். இதை நம்பலாம், ஏனெண்டால் 1992 இல கென் தொம்சனும் ரொப் பைக்கும் அதை அமைச்ச விதம் அப்பிடி, பல பைற் எழுத்தின்ர முதல் பைற்றுக்கு ஒரு வரம்பு, பின்னால வாற பைற்றுக்கு 128 இலிருந்து 191 வரைக்கும் வேற வரம்பு, ரெண்டும் ஒண்டோட ஒண்டு கலக்காது, வேற என்கோடிங்கில எழுதின நாலு வரித் தமிழ் தற்செயலா அந்த ஒழுங்கில விழுறது நடக்காத காரியம் எண்டே சொல்லலாம். அதுவும் பிழைச்சால் பைலைத் திற, ஆனால் வாசிக்க மட்டும், தானாச் சேவ் பண்ணாதே, மேல ஒரு பட்டையில இது எந்த என்கோடிங் எண்டு ஆளைக் கேள். ஊகிச்சுப்போட்டுப் பேசாமல் இருக்கிறதுதான் எங்களுக்கு இவ்வளவு நாசத்தையும் செய்தது.

ஆளைக் கேக்கிற இடத்தில யாழ்ப்பாணத்தில ரெண்டு பதில்தான் வரும், யூனிகோட்டுக்கு முதல் தமிழுக்குப் பாவிச்ச திஸ்கி, இல்லாட்டிப் பாமினி. இது ரெண்டையும் ஒரே மெனுவில வைக்கிற எடிற்றர்களைப் பாத்திருக்கிறன், நானும் அப்பிடித்தான் வைச்சிருந்தனான், அது பிழை. திஸ்கி உண்மையான என்கோடிங், ஒரு எழுத்து வடிவத்துக்கு ஒரு பைற், தமிழ் எண்டால் 190, 193, 162, 250 எண்டு நாலு பைற், யாழ்ப்பாணம் எட்டே பைற்றில முடிஞ்சிடும். கண்ணுக்குத் தெரியிற ஒழுங்கில எழுதிறபடியால் கொ எண்டதுக்கு முதல் கொம்பு, பிறகு க, பிறகு அரவு எண்டு கிடக்கும், வாசிக்கேக்க அதை எடுத்து ஒழுங்கு மாத்தவேணும். பைத்தனில திஸ்கி இல்லை, அட்டவணையை நான் கையால எழுதினன், லினக்ஸில ஐகொன்வ் எண்ட கருவிக்குத் திஸ்கி தெரியும், தமிழ் நூல்களை இணையத்தில ஏத்திற மதுரைத் திட்டத்தின்ர பழைய திஸ்கிப் பைல்களை எடுத்து ரெண்டாலயும் மாத்தி ஒப்பிட்டுப் பாத்தன். அதுக்கும் மேல ஒரு சோதனை, வாசிச்சதைத் திரும்பத் திஸ்கியில எழுதினால் முதல் இருந்த பைற் அப்பிடியே வருதோ எண்டு, வராட்டி அந்தப் பைலில சேவ் பொத்தான் வேலை செய்யாது.

பாமினி அப்பிடியில்லை. அது ஒரு ஃபொண்ட், அவ்வளவுதான். அந்தப் பைலில கிடக்கிறது சுத்தமான ஆங்கில எழுத்து, ஜே எழுத்தைத் த மாதிரி வரைஞ்சிருக்கு, கே எழுத்தை ம மாதிரி, அரைப்புள்ளி தான் எங்கட புள்ளி, கொமா அடிச்சால் இ. யாழ்ப்பாணம் எண்டால் 11 ஆங்கிலக் குறி, அதில மூண்டு அரைப்புள்ளி. கண்டிப்பான யூடிஎஃப்-8 சோதனையிலயும் அது பாஸ் பண்ணும், ஏனெண்டால் பிழையே இல்லை, அது உண்மையாவே ஆங்கில எழுத்துத்தான். அதால பாமினியை வாசலில நிப்பாட்டிக் கேக்க ஏலாது, கேக்கவும் கூடாது, இடையில ஒரு இணைய முகவரியோ ஆங்கிலப் பெயரோ இருந்தால் அதுவும் சேந்து தமிழாகிப் போகும். நான் அதை என்கோடிங் மெனுவில இருந்து எடுத்து, திருத்தம் எண்ட மெனுவுக்குக் கீழ போட்டன், தெரிவு செய்த பகுதியைப் பாமினியில இருந்து மாத்து எண்டு. அது எழுத்தில இருந்து எழுத்துக்கு நடக்கிற மாத்தம், பைற்றோட சம்பந்தமில்லை, பிடிக்காட்டி அன்டூ பண்ணலாம். பழைய அச்சகக் கோப்பு வைச்சிருக்கிற ஆக்களுக்கு இது எவ்வளவு உதவும் எண்டு எனக்குத் தெரியும்.

தேடலில ஒரு சின்னத் திருத்தம், கோ எண்டதை ஒரு குறியாவும் வைக்கலாம், கொம்பும் அரவும் எண்டு ரெண்டு குறியாவும் வைக்கலாம், யூனிகோட் ரெண்டும் ஒண்டுதான் எண்டு சொல்லுது, ஆனால் பைத்தன் அப்பிடியே ஒப்பிட்டால் வேற எண்டு சொல்லும், கோயில் எண்டு தேடினால் பாதி வராது. தேடேக்க மட்டும் ரெண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டு வந்து பாக்கிறன், பைலில கிடக்கிறதைத் தொடுறதில்லை.

அதோட எண்ணிக்கை. கீழ்ப் பட்டையில எத்தினையாவது எழுத்து எண்டு காட்டுற இடத்தில யாழ்ப்பாணத்துக்கு நான் 11 எண்டு காட்டிக்கொண்டிருந்தனான். மாஸ்டர் கேட்டார், "யா, ழ், ப், பா, ண, ம், ஆறுதானே தம்பி?" எண்டு. ஆறுதான். குறி எண்ணிறது வேற, பைற் எண்ணிறது வேற, எழுத்து எண்ணிறது வேற. எடிற்றரை ஸ்கிரீனில காட்டுறதுக்கு நான் பாவிக்கிற க்யூட்டி எண்ட கருவி தன்ர எண்ணிக்கையை 16 பிற் அலகில வைச்சிருக்கு, பைத்தன் யூனிகோட் குறியில வைச்சிருக்கு, தமிழுக்கு ரெண்டும் ஒரே எண் வரும், அதாலதான் எனக்கு இவ்வளவு நாளும் தெரியேல்ல, ஒரு இமோஜி வந்தால் க்யூட்டிக்கு ரெண்டு, பைத்தனுக்கு ஒண்டு, அதுக்குப் பிறகு தேடல் நிறம் எல்லாம் ஒரு எழுத்துத் தள்ளி விழும். இப்ப மாறிகளின்ர பெயரிலயே க்யூட்டி இடம், பைத்தன் இடம், எழுத்து இடம் எண்டு எழுதியிருக்கு, ஒண்டை மற்றதாக்க ஒவ்வொரு ஃபங்சன், ஆளுக்குக் காட்டுறது எழுத்து இடம் மட்டும்.

தானாச் சேவ் பண்ணிறது இப்ப மாத்தம் இருந்தால் மட்டும்தான் நடக்கும், அதுவும் முதல் வேற பெயரில எழுதி, எழுதினதைத் திரும்ப வாசிச்சுச் சரி பாத்து, அதுக்குப் பிறகுதான் பழைய பைலின்ர இடத்தில வைக்கும். ஒரு பைலை முதல் தரம் மாத்தேக்க அதின்ர மூலப் பைற்றை அப்பிடியே பக்கத்தில ஒரு கொப்பி எடுத்து வைக்கும்.

மஞ்சள் அடிச்ச இடங்களை அச்செடுத்து மாஸ்டரிட்டக் குடுத்தன். நாலு நாள் வைச்சிருந்து பென்சிலால ஒவ்வொண்டுக்கும் மேல புள்ளியோ, உ எண்டோ போட்டுக் கொண்டு வந்தவர், காணிப் பெயர் சிலதுக்கு அவரே பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கேட்டு எழுதியிருக்கிறார். நான் வாசிக்க வாசிக்க அவர் சரி சொல்ல, ஒரு ஞாயிறு முழுக்க இருந்து ஏத்தினம். பின்னேரம் கரண்ட் போய் வந்த பிறகு 43 பைலையும் கண்டிப்பான சோதனையில விட்டன், ஒரு பைற்றும் பிழைக்கேல்ல. யாழ்ப்பாணம் எண்டு தேடச் சொன்னார், வந்த எல்லா இடத்திலயும் 33 பைற் கிடந்தது. அவற்ர லப்டொப்பில புதுப் பதிப்பைப் போட்டு, கிணறுகள் எண்ட பைலைத் திறந்து குடுத்தன். கீழ்ப் பட்டையில யூடிஎஃப்-8, பொம் இல்லை எண்டு எழுதியிருந்ததைப் பாத்து அது என்னெண்டு கேட்டார், சொன்னன், கண்ணாடியைச் சரி பண்ணிக்கொண்டு விட்ட இடத்தில இருந்து ரைப் பண்ணத் துவங்கினார்.